கல்யாணப் படத்தில் ஒரு கை

பாங்காக்குக்குக் கிளம்பும் அன்று தெய்வானை மீன் குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, மூக்கைச் சுளித்தாள். "உப்பு தூக்கலா இருக்கு, பொறுத்துக்கிடுங்க" என்றாள். அந்த மூக்கை அவள் புருஷன் சங்கரலிங்கம் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஒரு வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு புது முகத்தோடு திரும்பினாள். தெருவில் பாதிப் பேர் அப்படித் திரும்பியவர்கள்தான். பழைய படங்களிலும் புது முகத்தையே பதித்துத் தருவது பேக்கேஜில் சேர்த்தி. கல்யாண ஆல்பம்கூட மாறிவிட்டது. அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், அவரும் தடுக்கவில்லை.

சில வருஷங்களில் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு மாலை போட அவர் பழைய முகத்தைத் தேடினார்.

"எல்லாப் படத்துலயும் அம்மா அழகாத்தானே இருக்கா? என்ன குறை?" என்றாள் மகள் இலக்கியா.

"குறை ஒண்ணுமில்ல. இந்தப் புது முகத்துக்காரி ஒருநாளும் மூக்கைச் சுளிச்சதில்ல, அதான். கல்யாணப் படத்தையே மாட்டு. கையாவது பழைய கை."

"அதுல நீங்களும் நிக்கியளே! உசிரோட இருக்கவருக்கு மாலையா?"

ஸ்டுடியோவில் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி நீக்கினார்கள். மாலைக்குக் கீழே, மருதாணிச் சிவப்போடு, அவள் கை அவருடைய சுண்டுவிரலை இன்னும் பிடித்திருக்கிறது.