நிவாரணப் பெட்டியில் ஒரு புடவை

புயல் வர இன்னும் ஒரு நாள் இருந்தது. நிவாரண அதிகாரி எங்கள் வாசலில் வேனை நிறுத்திப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அரிசி, பாய், தார்ப்பாய். அடியில் ஒரு வெள்ளைப் புடவை.

“இது யாருக்கு சார்?”

“உங்களுக்குத்தான்க்கா. கணிப்புப்படி இந்த வீட்டுச் சுவர் விழுது. உங்க வீட்டுக்காரர் தவறிடுறார்.”

என் கணவர் தனவேல் உள்ளே கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புடவையை அதிகாரியிடமே திருப்பி நீட்டினேன்.

“கோடிப் புடவை போடுறது எங்கண்ணன் செய்யுற சடங்கு. அதுவும் புருஷன் செத்த பிறகு! இவ்வளவு தெரியுதுல்ல, எங்கள இந்த வேன்லயே ஏத்திட்டுப் போங்க. பஸ்ஸெல்லாம் நேத்தே நின்னுபோச்சு.”

“ஆள ஏத்துறது வேற துறைக்கா. நாங்க நிவாரணம் மட்டும்தான். வேன்லயும் இடமில்ல.”

எட்டிப் பார்த்தேன். இருக்கை முழுவதும் வெள்ளைப் புடவைகள். தேய்த்து மடித்து, ஒவ்வொன்றிலும் வீட்டு எண் ஒட்டியிருந்தார்கள்.

“தூ! நீயெல்லாம் மனுஷனாய்யா?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினார்.

“பொருள் வாங்கினதுக்குக் குடும்பத் தலைவர்தான் கையெழுத்துப் போடணும்க்கா. சாப்பிட்டதும் போடச் சொல்லுங்க. நாளைக்கு வந்தா வாங்க முடியாது.”