எஸ்.வசுமதியின் பெட்டி

சிவப்புக் கோடு கடைசி வரை போய் நின்றது.

இடமில்லை. சர்வரில் இம்மியளவுகூட இடமில்லை. காலை ஒன்பதிலிருந்து ஒரு மெயிலும் உள்ளே வரவில்லை.

அவள் மூன்றாவது முறையாக அதை அணைத்துப் போட்டாள். பதின்மூன்று வருடப் பழசு. முக்கி முனகி எழுந்தது. அதன் நெற்றியில் போன ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. வருடம் தவறாமல் பொட்டு வைப்பார்கள். புது டிஸ்க் கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்காது.

கரூரில் படுக்கை விரிப்பு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. ஏற்றுமதிக் காகிதங்கள் அவள் வேலை. யாரும் சீண்டாத சர்வரும் எப்படியோ அவள் தலையில் வந்து விழுந்தது.

முதலாளி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னாச்சுங்க அம்மிணி? நாலு மணிக்குள்ள துணி வாங்கற அந்தப் பையர் மெயில்ல ஓகே சொல்லோணும். இல்லீனா கண்டெய்னரு கப்பலேறாது.”

“பாத்துட்டிருக்கறனுங்க.”

“காலைல புடிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கறீங்க.”

போய்விட்டார்.

காலையில் கோகிலவாணியும் வந்தாள். சாம்பிள் செக்‌ஷன் பெண். கல்யாண லீவு முடிந்து முதல் நாள். கழுத்தில் மஞ்சள் மணம் போகாத தாலி. “மெயில்ல அவரு இனிஷியலைப் போட்டுக் குடுங்க்கா” என்றாள். முதலில் மெயில் வரட்டும் என்று இவள் அனுப்பிவைத்தாள்.

கல்யாணமானால் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். அப்பாவின் எழுத்துப் போய்க் கணவனின் எழுத்து வரும். புதுப் பெயரில் புது மெயில் பெட்டி. ஐந்து நிமிட வேலை.

எந்தப் பெட்டி அதிகம் தின்கிறது என்று வரிசைப்படுத்தினாள். முதலாளியுடையதுதான் முதலில் நிற்கும் என்று நினைத்தாள்.

எஸ்.வசுமதி.

அவள்தான். எஸ் என்றால் சென்னியப்பன், அவள் அப்பா. இப்போது அவள் டி.வசுமதி. கணவன் திருமூர்த்தியின் டி.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மருதாணி மங்காத விரல்களால், புதுப் பெட்டியை அவளே திறந்தாள். இந்த ஆபீசில் அவளுடையதுதான் முதல் மாற்றம். பழைய பெட்டிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு டிக் போட வேண்டும். அது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மற்ற பெண்களுக்கெல்லாம் மறக்காமல் போட்டாள். தன்னுடையது நினைவுக்கு வரவில்லை.

எல்லோருக்கும் என்று போன கடிதங்கள், துணிப் படங்கள், பொங்கல் வாழ்த்துகள். எல்லாம் இத்தனை வருடமாக இங்கேயும் வந்து குவிந்திருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

அடி வரைக்கும் இறக்கினாள்.

பிர்கிட். மூன்று கடிதங்கள்.

பிர்கிட் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து ஒரே ஒரு முறை வந்தவள். இவள் கல்யாணத்துக்கு முந்தின மாதம். துணியின் தரம் பார்க்க இரண்டு நாள் தறிக்கூடம் முழுக்க இவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். போகும்போது எஸ்.வசுமதி என்ற மெயில் முகவரி போட்ட இவளுடைய கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஆபீசுக்கு உன்னைப் போல ஒருத்தி வேண்டும், எழுதுகிறேன் என்றாள்.

எழுதவில்லை.

நாமாகக் கேட்டால் அலைகிறாள் என்று நினைப்பாளோ என்று இவளும் கேட்கவில்லை. ஆறு மாதம் காத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். வெள்ளைக்காரி பேச்சு ஏர்போர்ட் வரைக்கும்தான் என்று பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முதல் கடிதம். கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள். வேலை உறுதியாகிவிட்டது, விசா எங்கள் பொறுப்பு, கணவரையும் அழைத்து வரலாம்.

இரண்டாவது. பதில் இல்லையே. இடத்தை உனக்காகவே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஒரே வரி. உனக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், வசுமதி.

மூன்றையும் இன்னொரு முறை படித்தாள்.

யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தாள். திருமூர்த்தி ஒன்றும் செய்யவில்லை. மாற்றிக்கொள் என்றுகூட அவன் சொல்லவில்லை. ஆசைப்பட்டு அவளே மாற்றினாள்.

மணி மூன்று இருபது.

அந்த மூன்றை மட்டும் எடுத்து வைக்கலாம். வைத்து என்ன செய்வது?

பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. திரும்பப் பெற முடியாது என்றும் சொன்னது.

அதுதான் தெரியுமே.

அழுத்தினாள்.

சிவப்புக் கோடு சுருங்கியது. பாதிக்கு மேல் பச்சை ஆனது. காலையிலிருந்து வாசலில் நின்ற மெயில்கள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. ஏழாவதாகப் பையரின் ஓகே.

“வந்துருச்சுங்க!” முதலாளி எட்டிப் பார்த்தார். “அம்மிணி கை வெச்சா ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க.”

எதை எடுத்து இடம் பண்ணினீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

அவர் பின்னாலேயே கோகிலவாணி வந்தாள்.

“சரியாயிருச்சாமாங்க்கா. என்னுதை மாத்திக் குடுங்க.”

பச்சைக் கோடு தெரியாதபடி வசுமதி மானிட்டரைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“இடமில்லை கண்ணு. உங்கப்பா இனிஷியல்லயே இருந்துக்க.”

“அவரு கேப்பாருங்க்கா.”

“சர்வரு பழசுன்னு சொல்லு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண் போனாள்.