மாட்டியாச்சா

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

கல்யாண மண்டபத்தின் மொசைக் தரைதான். அதில் நடக்கச் செருப்பைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாரத்தில் ஏறுகிற பெயின்டருக்குக் கால்தான் கண். வெறுங்கால் பலகையைத் தொட்டால்தான் அவனுக்கு நம்பிக்கை.

பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். கேலி இல்லாத சிரிப்பு.

காலையில் செல்போனில் வருகை பதியவும் வரைபடம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். அதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். இப்போது இந்தப் பெட்டி. கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டால் எட்டாவது மாடிச் சாரம் நிஜம்போலவே தெரியுமாம். பலகையின் அந்த முனைவரை நடந்துவிட்டால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் இனி உயரத்தில் வேலை.

இல்லாவிட்டால் சாகும்வரை காம்பவுண்டுச் சுவர்தான்.

சேவுகன் விழுந்த நாளிலிருந்து அவன் முக்காலிக்கு மேல் ஏறியதில்லை.

சேவுகன் அவன் மனைவியின் தம்பி. பயிற்சிக்குப் பெயர் கொடுத்ததே அவள்தான்.

"அவந்தான் போயிட்டான். நீங்களும் இப்படியே கீழ கெடந்தா எப்படி?"

அதற்குமேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டான். பெட்டியை அந்தப் பெண் மாட்டிவிட்டாள்.

மண்டபம் போய்விட்டது.

காலடியில் தெரு. ஆட்டோக்கள் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தன.

தரையில்தான் நிற்கிறோம் என்று புத்திக்குத் தெரிந்தது. முழங்காலுக்குத் தெரியவில்லை.

மண்டபத்தில் தூணுக்குத் தூண் கட்டியிருந்த கயிற்றைக் கையால் துழாவிப் பிடித்தான். பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டினான். இழுத்துப் பார்த்தான்.

பிறகு, தன்னையறியாமல், வலப்பக்கம் குரல் கொடுத்தான்.

"மாட்டியாச்சா?"

பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சாரம் ஏறுகிறவர்கள் சிரிக்கவில்லை.

இரண்டு பேர் ஏறினால் ஒருவன் கேட்பான், மற்றவன் பதில் சொல்வான். பதில் வந்த பிறகுதான் பிரஷ் டப்பாவில் இறங்கும்.

சேவுகன் விழுந்த அன்றைக்கும் கேட்டான்.

"மாட்டியாச்சு மச்சான்" என்று பதிலும் வந்தது.

பதில் வந்துவிட்டதே என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரின் மூலையில் கை எட்டாத இடம் கொஞ்சம் இருந்தது. அதற்காகக் கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வாய் கூசாமல் பொய்யும் சொல்லியிருக்கிறான் பாவி.

"அண்ணே, இதுல நீங்க ஒரு ஆள்தான். நடங்க" என்றாள் அந்தப் பெண்.

அவன் நடக்கவில்லை.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பயமா இருந்தா கழட்டிரலாம்ணே. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் வரமாட்டான். அது அவனுக்கே தெரியும்.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. யாரென்று தெரியவில்லை.

"மாட்டியாச்சுண்ணே."

இரக்கப்பட்டுச் சொன்ன பதில். அவனுக்குப் புரியாமல் இல்லை.

ஆனாலும் கால் எழவில்லை.

வலது கையைக் காற்றில் நீட்டினான்.

"காட்டு."

ஒரு நாற்காலி நகர்ந்தது. செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. வெறுங்கால்கள் தரையில் நடந்து வந்தன. மேசைமேல் கிடந்த இன்னொரு பெல்ட்டை யாரோ எடுத்து இடுப்பில் இறுக்கினார்கள்.

கயிறு ஒருதரம் அதிர்ந்தது.

சொரசொரப்பான கை ஒன்று அவன் கையைப் பிடித்துத் தன் கொக்கியின்மேல் கொண்டுபோய் வைத்தது.

விரல்களால் தடவினான். பூட்டு விழுந்திருந்தது.

மறுபடியும் தடவினான்.

பெட்டிக்குக் கீழே அவன் கன்னம் நனைந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் கணினித் திரையை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

"சரி, வா மாப்ள" என்றான்.

வலது காலை எடுத்து வைத்தான்.