பத்தடிக் கொல்லை

நுவரெலியாவிலிருந்து கடிதம் வந்த மத்தியானம், அரிமளத்தில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடந்தன.

சொர்ணவல்லியின் பெட்டியில் ஒரு கம்பளி இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் கணவன் குழந்தைசாமி, வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதிய வாரமே இலுப்பூர்ச் சந்தையில் வாங்கியது. அதற்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவ்வப்போது அதை வெயிலில் உலர்த்துவாள். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்தாலே வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள்.

மாமியார் அழகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

"சத்தமாப் படி. எம்மகன் என்ன ரகசியமா எழுதிப்புடப் போறான்?"

சொர்ணவல்லி படித்தாள். வீடு கிடைத்துவிட்டது. பின்னால் பத்தடிக்குப் பத்தடி கொல்லை. விடியற்காலையில் புல் மேல் உப்புத் தூவியதுபோலப் பனி உறைந்து கிடக்கிறது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவதால் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. ஆள் பார்க்காமல் தானாகவே இருக்கும்படி அங்கே என்ன வைக்கலாம்? பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலைக்குப் பரிசு வாங்கியவள் நீ, யோசனை சொல்.

நடுவில் ஒரே ஓரிடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வீடு கெடைச்சிருச்சுல்ல, பொறப்படு. நீ அங்கிட்டுப் போனா ஊத்தமாட்டியா தண்ணி? இதுக்குப் போயி யோசனை கேக்குறான் பாரு, கூறுகெட்டவன்."

"நானும் அதத்தான் யோசிக்கிறேன் அத்தை."

வழக்கம்போல நம்பர் போட்டுப் பதில் எழுதினாள். எழுத எழுத மாமியாருக்குப் படித்தும் காட்டினாள்.

ஒன்று, முருங்கை வேண்டாம், குளிருக்குத் தாங்காது. இரண்டு, கீரை வேண்டாம், தினமும் ஆள் நிற்க வேண்டும். மூன்று, மண்ணை நன்றாக மிதித்து இறுக்கி, மேலே கூழாங்கல் பரப்பிவிடவும். கல் வாடாது. யாருக்காகவும் காத்திருக்காது.

"கல்லா? அது குடியிருக்கிற வீடா, அய்யனார் கோயிலாடி?"

நான்கு, பார்சலில் கம்பளி வருகிறது.

"அத ஏன் அனுப்புற? ஒனக்கு வேணாமா?"

"பெரிய கம்பளி அத்தை. ரெண்டு பேருக்குக் காணும்."

அழகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தைப் பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள்.

சொர்ணவல்லி கடிதத்தை இன்னொரு தடவை பிரித்தாள். தொண்டையைச் செருமிய இடத்தில், 'நாங்கள் இருவரும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவதால்' என்று இருந்தது.

'நாம்' என்று எழுதியிருந்தால் அதில் அவளும் உண்டு. 'நாங்கள்' என்றால் இல்லை.

குழந்தைசாமி இலக்கணத்தில் பிழை விடுகிற ஆள் இல்லை.