தியேட்டருக்குள் ஒரு துரோகி

"உங்க தியேட்டர்ல எதுக்கு சார் படம் ஓட்டறீங்க? வாசல்லயே கதையைச் சொல்லி அனுப்பிடுங்களேன்" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டை மேனேஜரின் மேசையில் போட்டுவிட்டுப் போனார் ஒருவர்.

மேனேஜருக்கு இந்தப் புகார் புதிதில்லை. யாரோ இடைவேளைக்கு முன்பே கதையைப் போட்டு உடைக்கிறார்கள்.

ஓடுவதோ உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த உளவுப் படம். உளவுத்துறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு எதிரிக்குத் தகவல் விற்கும் துரோகி யார் என்பதுதான் கதை. இடைவேளை வரை சந்தேகமெல்லாம் ஒரு கிளார்க் மேல் விழும். அவனை வேலையை விட்டுத் தூக்கி உள்ளே தள்ளுவார்கள். ஜனங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் திட்டித் தீர்ப்பார்கள். கடைசியில்தான் தெரியும், அவனைப் பிடித்துக் கொடுத்த பெரிய அதிகாரியே துரோகி என்று.

அதை முன்னாடியே சொல்லிவிட்டால் படத்தில் மிச்சம் என்ன? வெறும் சக்கைதான்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்குகிறது. எதிர்ப்பக்கம் போய் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவதில் மேனேஜருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த நேரம் பார்த்து விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. சொல்கிற ஆளைக் கண்டுபிடித்து, அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பு என்று உத்தரவு.

மேனேஜரும் உளவு பார்க்கக் கிளம்பினார். முதலில் பாப்கார்ன் விற்பவரைப் பிடித்து, "அந்தப் பெரிய அதிகாரிதான் துரோகின்னு யார்கிட்டயாவது சொன்னே, தொலைச்சிடுவேன்" என்று மிரட்டினார். பாப்கார்ன் வாங்க நின்றவர்கள் அவரை முறைத்துவிட்டுப் போனார்கள்.

மாலைக் காட்சிக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே உள்ளே போய் உட்கார்ந்தார். அவருக்கு நேர் முன்வரிசையில் 'வரிசை ஐயா' தன் மனைவியோடும் சம்பந்தி வீட்டாரோடும் உட்கார்ந்திருந்தார். படம் வந்ததிலிருந்து தினமும் ஒரு வரிசையை மொத்தமாக வாங்குகிறவர் என்பதால் அந்தப் பெரியவருக்கு அந்தப் பெயர். நேற்று தம்பி குடும்பம், அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கூட்டி வருவார். மேனேஜருக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

விளக்கு அணைந்தது. இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டும் அக்கா, ஐயாவுக்குப் பின்வரிசையில் ஒவ்வொருவர் காதாகக் குனிந்துகொண்டே வந்தார். எல்லோருக்கும் அவர் டார்ச் அக்கா. மகளை ஒண்டியாய்ப் படிக்க வைப்பது இந்தச் சம்பளத்தில்தான். மேனேஜர் காதிலும் குனிந்தார்.

"அந்த கிளார்க் மேல தப்பில்லைங்க. தயவுசெஞ்சு அவரைத் திட்டாதீங்க."

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார்.

அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தபோது அக்கா எதையும் மறைக்கவில்லை. பெரியவரின் வரிசைக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களிடம் மட்டும் தினமும் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகமா அக்கா? ஊர்ல வேற வரிசையே கிடைக்கலையா? அவர் காதுல விழுந்து, நாளைக்கு வராமப் போயிட்டா?"

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் சொன்னீங்க? அதையாவது சொல்லுங்க."

"வாக்கு குடுத்திருக்கேன் சார். வேலையே போனாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப வேலை போகட்டும்" என்றார் மேனேஜர். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவரிடம் அப்படிச் சொன்னது அவருக்கே கசந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

படம் விட்டது. மேனேஜர் வாசலுக்கு ஓடினார். பெரியவர் சம்பந்தியோடு பேசிக்கொண்டு பின்னால் வர, அவர் மனைவி முன்னால் வந்தார்.

"மன்னிக்கணும்மா. எங்க டார்ச் அக்கா உங்களைச் சுத்தி உட்கார்ந்தவங்ககிட்ட கதையைச் சொல்லிட்டாங்க. இன்னையோட அவங்களை நிறுத்திட்டேன்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. மேனேஜரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"மெதுவா பேசுங்க தம்பி, அவருக்குத் தெரியாது. மொத நாள் பின்னாடி இருந்தவங்க அந்த கிளார்க்கைக் குடும்பத்தோட சேர்த்துத் திட்டினாங்க. தாங்க முடியாம வெளிய வந்து அந்தப் பொண்ணு தோள்லதான் அழுதேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். மறுநாள்லேர்ந்து ஒருத்தர்கூட திட்டல. ஜனங்க திருந்திட்டாங்கன்னு அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

"கிளார்க்கைத் திட்டினா ஐயாவுக்கு என்னம்மா?"

"அந்த கிளார்க்கே அவர்தான் தம்பி. வெளிய விட்டப்போ, தப்பு பண்ணலைன்னு ஆபீஸ்ல யாரும் ஊருக்குச் சொல்லல. சொந்தக்காரங்க எங்க வாசப்படி மிதிச்சு வருஷக்கணக்காச்சு. இப்பத்தான் ஒவ்வொரு வீடா கூட்டிட்டு வந்து காட்டறார்."

மேனேஜர் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார்.

அதற்குள் பெரியவரே வந்துவிட்டார். சம்பந்தி அவர் கையை விடவே இல்லை. பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. நாளைக்கும் ஒரு வரிசை வேண்டுமாம், பழைய ஆபீஸ்காரர்கள் வருகிறார்களாம். "உங்க தியேட்டருக்கு வர்ற ஜனங்க தங்கமானவங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மேனேஜர் முதலாளிக்கு ஃபோன் போட்டு, ஆள் சிக்கவே இல்லை என்று கூசாமல் பொய் சொன்னார்.

மறுநாள் மாலை விளக்கு அணைந்ததும் டார்ச் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இன்னொரு டார்ச்.

"ஐயாவுக்கு முன்வரிசைக்கு நீங்க சொல்லுங்கக்கா. பின்வரிசையை நான் பாத்துக்கறேன்."