மிதக்கவிட்ட பாட்டில்கள்

"பொட்டப் புள்ளைய கடலாண்ட அனுப்புறியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று குதித்தார் அண்ணன் அப்பாதுரை.

காசியம்மாள் அசைந்து கொடுக்கவில்லை. காலேஜ் கோடை லீவில் கடலாராய்ச்சிப் பயிற்சிக்கு மகள் வேதாவைத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் தானே பஸ் ஏற்றிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்தாள் வேதா. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள் காசியம்மாள். தலையில் வழக்கம்போல் மல்லிகை மணந்தது.

"அங்க என்னாடி கத்துக்கின?"

"நீரோட்டம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தோம்மா. காலி பாட்டிலுங்கள மூடி, படகுல போய் கடல்ல மிதக்க விட்டோம்."

"எல்லாம் கரைக்கு வந்துச்சா?"

"ரெண்டு மூணு ஒதுங்கிச்சு. மத்ததெல்லாம் போயே போச்சு."

"எங்கனா தூரத்து ஊர்ல ஒதுங்கியிருக்கும் இல்ல? நாள் ஜாஸ்தி ஆனா வராதா?"

வேதா சிரித்தாள். "சித்திரை மாசத்து நீரோட்டத்துல மாட்டினா அவ்ளோதாம்மா. வருஷக்கணக்கா காத்துனு இருந்தாலும் வராது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில், கடலூரில் குளிக்க இறங்கிய அவள் அப்பாவை அலை இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை. "கண்ணால பாக்காம பூவை எடுக்க மாட்டேன்" என்று அண்ணனோடும் ஊரோடும் மல்லுக்கு நின்றவள் காசியம்மாள்.

இப்போது அந்த மல்லிகையை மெதுவாக உருவி, மகளின் தலையில் வைத்தாள்.

"இதக் கேக்கத்தாண்டி உன்னை அனுப்புனேன்," என்றாள். "சாப்புடு."