ஒரு லட்சம் கிலோமீட்டர்

பெரம்பலூர் பழைய பைக் கடைக்காரர், மணிவேல் வண்டியின் மீட்டரைப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்.

“நாலு வருஷத்துல ஒரு லட்சம் கிலோமீட்டரா? பதினஞ்சாயிரத்துக்கு மேல போகாது தம்பி.”

“என் சம்சாரத்துக்கு பஸ்னா வாந்திண்ணே. தினம் அரியலூர் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் திரும்பப் போய்க் கூட்டியாருவேன். பெட்ரோலு, டயரு, செயினுன்னு என் சம்பளம் முழுக்க ரோட்டுலயே தேஞ்சு போச்சு.”

மணிவேல் பக்கத்தில் நின்ற மனைவி தேவயானியிடம் திரும்பினான். “டீச்சரம்மா, நாளையிலருந்து மாத்திரை போட்டுக்கிட்டு பஸ்ல போங்க.”

அவள் தலை குனிந்துகொண்டாள்.

“எனக்கு வாந்தியெல்லாம் வராதுங்க.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?”

“வூட்ல எந்நேரமும் போனைத்தான் பாக்குறீங்க. வண்டியிலதான் என்கூடப் பேசுறீங்க.”

மணிவேல் கடைக்காரர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான்.

“அண்ணே, இன்ஜின் வேலை பாத்தா இன்னொரு லட்சம் ஓடுமா?”